வெற்று எடை

புளியரையில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
கோட்டைவாசல் ஏறும் லாரிகளில் பாதி
என் தட்டில் நின்றுவிட்டுத்தான் மலையாளம் போகும்.
பாரத்தோடு ஒரு எடை,
பாரம் இறக்கி ஒரு எடை,
கழித்தால் வருவது சரக்கு.
இருபது வருடமாக இந்த ஒரு கணக்குதான் தெரியும்.

பகவதியம்மாளின் காடு
இரண்டு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்.
மூலப்பத்திரம் மலையாள எழுத்தில்,
கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பது, மிதுன மாதம்.
கிழக்கெல்லை: ஆனை முதுகு உரசும் பாறை.
தரகர் மசூது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு,
"அளக்கிற அன்னைக்கு
ஆனைக்கு யாரு நோட்டீஸ் கொடுப்பா?" என்றார்.

சிகரெட் அட்டையின் பின்புறம் அவர் கணக்கு:
பாறை நாற்பது சென்ட், தள்ளு.
ஓடைக்கரை பதினொன்று, தள்ளு.
தேக்கு பதினாலு, அதில் ஆறு பொந்து.
ஈட்டி ஒன்று,
இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாது.
வெட்ட அனுமதி வருவதற்குள் பேரன் பிறந்துவிடுவான்,
அதனால் சுழி.
மிச்சம் நூற்றி எண்பத்தாறு,
சென்ட்டுக்குப் பதினாலாயிரம்.
புனலூர் ரப்பர்காரர் பத்தொன்பது தருவாராம்,
வெட்டி, எரித்து, ஜேசிபி விட்டு
மொட்டையாக ஒப்படைத்தால்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
இரண்டு பேரும் விலை சொன்னது
வெற்று வண்டிக்கு.
காட்டை ஓரமாக இறக்கி வைத்து
நிலத்தை மட்டும் தட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு
மறுபடி ஏற்றிவிட முடியுமா?
உனக்கு எதுக்குடா காடு என்று கேட்டவர்களிடமும்
ஒழுங்கான பதில் இல்லை.
நாள் முழுக்க டீசல் புகை, அவ்வளவுதான்.

சித்திரை உச்சிவெயிலில் தனியாகப் போனேன்.
பாறைக்கடியில் சருகு ஈரமாக இருந்தது.
ஒரு சாண் தோண்டினேன்.
கசிந்தது; கலங்கித் தெளிந்தது; குடித்தேன்.
பிறகு அந்தச் சருகை
இருந்தபடியே மூடி வைத்த கை
என்னுடையதுதான்.

தண்ணீர் உண்டு என்றால் சென்ட்டுக்கு ஐயாயிரம் ஏறும்.
பேசாமல் இருந்தால்
ஒன்பது லட்சத்து முப்பதாயிரம் மிச்சம்.
என் வாய்க்கு இத்தனை விலை
இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனி கடைசியில் அவரே எடைமேடைக்கு வந்தார்.
சாரல்; குடை பின்பக்கமாக மடங்கியிருந்தது.
உட்காரச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்:
"பாறைக்கடியில ஊத்து கிடக்கு. கோடையிலயும் வத்தல."

"தெரியும்லா. பன்னிக்கும் தெரியும்.
உமக்கு எப்பத் தெரியும்?"

"சித்திரையில."

"இப்ப ஆனி முடியுது" என்றார்.
அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
குடைக்கம்பியை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.
கடைசிக் கம்பியில் கை நின்றது.
"நீரு நடந்து வார தடம் என் கொழுந்தன் நிலத்துல.
எழுத்துல கிடையாது.
அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையும் கிடையாது.
மசூதுகிட்ட இதை நான் சொல்லல."

தக்காளி லாரி ஒன்று தட்டில் ஏறியது.
கணவாய்க் காற்று தார்ப்பாயைப் பிடித்துத் தள்ள
சிவப்பு எண் நிற்கவில்லை:
இருபது கிலோ கூடும், இருபது குறையும்.

"இதுல எதை எழுதுவீரு?"

"காத்து அடங்கற வரைக்கும் பாக்கணும்."

"டிரைவர் அவசரப்பட்டா?"

"நடுவுல ஒண்ணு எழுதுவேன்.
அது சரியான எடை இல்ல.
ஆனா யாரும் சண்டைக்கு வந்ததில்ல."

ஒரு எடைச்சீட்டைத் திருப்பிப் போட்டுப்
பேனாவை என் பக்கம் தள்ளினார்.
ஊற்று என்று எழுதிக் கூட்டினேன்.
தடம் என்று எழுதி அவரே கழித்தார்,
நான் கழித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக.
பன்றி என்று எழுதி,
கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல்
இரண்டு பேரும் அதை விட்டுவிட்டோம்.
ஈட்டி என்ற சொல்லுக்கு நேரே
வெள்ளையாக இருந்தது தாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
"எனக்கு அவசரமில்ல" என்று
பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார் பகவதியம்மாள்.
கண்ணாடியில் எண்
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.